சர்க்கரை நோயோடு ரமலான் நோன்பு: முதல்முறை நோற்பவர்களுக்கு

"மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரந்தானே, தாங்கிக்கலாம்." சர்க்கரை உள்ளவர்களுக்கு நோன்பில் வரும் பெரிய ஆபத்து இந்த எண்ணந்தான். அதனால் இரண்டு எண்களை இப்போதே ஒரு தாளில் எழுதி மீட்டர் பைக்குள் வையுங்கள்: ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே, 300-க்கு மேலே (மி.கி./டெ.லி.). மில்லிமோலில் காட்டும் மீட்டர் என்றால் 3.9, 16.6. இரண்டில் எது வந்தாலும், பாங்கு சொல்ல ஐந்தே நிமிடம் இருந்தாலும், நோன்பை விட்டுவிட வேண்டும். மயக்கம், வாந்தி, காய்ச்சல் என்று உடம்பு சரியில்லாமல் போனாலும் அப்படித்தான். நோயாளிக்குச் சலுகை உண்டு என்று குர்ஆனே (2:184, 185) சொல்கிறது.

படி 1: ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள்

மூன்று மாதச் சுகர் சராசரி (எச்பிஏ1சி), சிறுநீரகப் பரிசோதனை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நோன்பு நோற்கலாமா என்று முடிவு செய்ய முடியும். கடந்த மூன்று மாதத்தில் சுகர் மிகவும் இறங்கி மற்றவர் உதவி தேவைப்பட்டவர்கள், ரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து உண்டாகும் அமிலம்) ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், சுகர் இறங்குவதே உடம்புக்குத் தெரியாதவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், கட்டுப்பாட்டில் இல்லாத டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ளவர்கள் நோன்பு நோற்க வேண்டாம்.

படி 2: மருந்து நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. காலை மருந்தை அப்படியே சஹருக்கும் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) இரவு மருந்தை இஃப்தாருக்கும் (மாலையில் நோன்பு திறக்கும் சாப்பாடு) மாற்றிவிடுகிறார்கள். பலருக்குக் காலை அளவுதான் பெரியது. அதைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் மதியத்துக்குமேல் சுகர் சரியும்.

டாக்டரிடம் விவரமாகக் கேட்க, பொதுவான முறை இது. அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

மெட்ஃபார்மின் தனியாகச் சுகரை ஆபத்தாக இறக்குவது அரிது. மூன்று வேளை எடுப்பவர்கள் மதிய அளவை இஃப்தார் அளவோடு சேர்த்து எடுப்பார்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வேறு ரகம்: வயிறு காலியாக இருந்தாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். ஒரு வேளை மாத்திரை என்றால் அது இஃப்தாருக்குப் போகும். இரு வேளை என்றால் சஹர் அளவு குறையும். கிளிபென்கிளமைடு எடுப்பவர்கள் வேறு மாத்திரைக்கு மாறுவது நல்லது. டபாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையோடு நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். இஃப்தாரில் எடுத்து, இரவில் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

நீண்ட நேர இன்சுலினை இஃப்தாருக்கு மாற்றி 15 முதல் 30 சதவீதம் குறைப்பார்கள். இரு வேளை கலவை இன்சுலின் (வேகமானதும் மெதுவானதும் கலந்தது) என்றால் காலை அளவு இஃப்தாருக்கு வரும். இரவு அளவு 25 முதல் 50 சதவீதம் குறைந்து சஹருக்குப் போகும்.

படி 3: விரலில் குத்திப் பாருங்கள்

குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது. சஹருக்கு முன், காலை, நண்பகல், பிற்பகல், இஃப்தாருக்கு முன், இஃப்தார் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து: இன்சுலினோ கிளிமிபிரைடு வகையோ எடுப்பவர்கள் முதல் வாரமாவது இத்தனை முறையும் பாருங்கள். இத்தனை முறை பார்க்க முடியாவிட்டாலும் பிற்பகல் சோதனையை விடவே கூடாது. கல்லீரலின் சேமிப்பு கரைந்து, சுகர் இறங்க வாய்ப்பு அதிகமாக இருக்கும் நேரம் அது.

இஃப்தாருக்குப் பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்த கையோடு குத்தினால், விரலில் ஒட்டிய இனிப்பும் ரத்தத்தோடு கலந்து எண் ஏறிவிடும். உண்மையில் 65 இருப்பவருக்கு மீட்டர் 130 காட்டினால் என்ன ஆகும்? சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியில் அல்லாமல் பக்கவாட்டில் குத்துங்கள். கழுவ வழியில்லாவிட்டால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள்.

படி 4: சுகர் இறங்கினால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் தெரிந்தால் உடனே சோதியுங்கள். மீட்டர் இல்லையென்றால் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும், ஆம்புலன்ஸை அழையுங்கள். சுகர் ஏறிய பிறகும் அன்றைய நோன்பைத் தொடர வேண்டாம், பின்னர் வேறொரு நாளில் நோற்று களா செய்துகொள்ளலாம்.

படி 5: இரண்டு வேளைச் சாப்பாடு

சஹரை விட்டுவிட்டு நோன்பு பிடிக்காதீர்கள். முடிந்தவரை கடைசி நேரத்துக்குத் தள்ளிச் சாப்பிடுங்கள். முழுத்தானியம், பருப்பு, முட்டை, காய்கறி மெதுவாகச் செரிக்கும். இஃப்தாரில் தண்ணீரும் சிறிய பேரீச்சம்பழம் ஒன்றிரண்டும் போதும். பெரிய ரகத்தில் ஒரே பழத்தில் 15 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். எண்ணெய்ப் பலகாரத்தையும் சர்பத்தையும் சேர்த்துச் சாப்பிட்டால், இரவில் ஏறும் சுகர் சஹர் வரை இறங்காது. ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகையையே உடற்பயிற்சியாகக் கணக்கில் வையுங்கள். நோன்பு நேரத்தில் கடும் பயிற்சி கூடாது.

பெருநாள் காலையில் பகல் சாப்பாடு திரும்பிவிடும். மருந்தைப் பழைய நேரத்துக்கும் அளவுக்கும் எப்படித் திருப்புவது என்பதையும் அதே சீட்டில் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.