ஐப்பசி அடைமழைக்கு முன்: இரண்டு மாடு, பத்து ஆடு, இரண்டு ஏக்கர் சம்பா

கூதிர் காலம் என்று பழந்தமிழ் பெயரிட்ட ஐப்பசியும் கார்த்திகையும் காவிரிப் படுகையின் சிறு பண்ணையைத் தலைகீழாக மாற்றிவிடும். குறுவை அறுப்பு முடிந்திருக்கும், சம்பா இளம்பயிராக நிற்கும், வரப்பெங்கும் புல் பொங்கும், பகல் சுருங்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. எனவே கீழே உள்ள வேலைகளில் பெரும்பாலானவை புரட்டாசியிலேயே முடிந்திருக்க வேண்டும். மழையில் நனைந்ததால் மட்டுமே செத்த மாடு அரிது. ஈரத்தில் நின்று, ஈரத்தில் படுத்து, பூசணம் பிடித்ததைத் தின்று கெடுவதே அதிகம். தண்ணீருக்கு வெளியே போக வழி, தீவனத்துக்கு உலர்ந்த இடம், கால்நடைக்கு உலர்ந்த தரை: இந்த மூன்றும் அமைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதலில் வடிகால்

வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைத் தூர்வார எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளியேறும் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு தூறல் நாளில் மண்வெட்டியோடு நடந்து, உங்கள் கடைசி மடையிலிருந்து பொது வடிகால்வரை தண்ணீர் எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்று இடங்களில் அடைப்பு இருக்கும்: நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிய வளைவு, வண்டிப் பாதைக்கு அடியில் போட்ட குறுகிய குழாய், பக்கத்து வயல்காரர் மீன் பிடிக்கக் கட்டிய சிறு அணை. குழாயைப் பெரிதாக்க முடியாவிட்டால், பக்கத்திலேயே இன்னொன்றைப் புதைத்துவிடுங்கள். மழை கொட்டும் இரவில் பாதையை வெட்டுவதைவிட அது எளிது.

வரப்புக்கு அண்டை வெட்டி (பக்கவாட்டைச் செதுக்கி), புதுச் சேற்றால் பூசும்போதே நண்டு வளைகளையும் எலி வளைகளையும் களிமண் திணித்து மிதித்து அடையுங்கள். மேலே மட்டும் பூசிய வளை முதல் கனமழையிலேயே வாய் திறந்து வரப்பை இழுத்துக்கொண்டு போகும்.

வைக்கோல்

இந்தப் பருவத்தில் அதிகம் ஏமாற்றுவது வைக்கோல்தான். குறுவை வைக்கோல் கைக்கு வரும்போதே அரை ஈரமாக இருக்கும். அறுவடை இயந்திரம் ஓடிய வயலில் ஒரு நல்ல வெயிலாவது காயாமல் கட்டிய உருளைக் கட்டு, வெளியே பொன்னிறமாகவும் நடுவில் கறுத்தும் இருக்கும். வாங்கும்போது கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ அதை அடுக்காதீர்கள். பிரித்து, உதறி, காயவைத்த பிறகே சேர்க்க வேண்டும். அப்படியே அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூசணம் பரவி, பக்கத்துக் கட்டுகளையும் கெடுக்கும். பூசண நஞ்சு மாட்டின் ஈரலைத் தாக்குவதோடு பாலிலும் இறங்கும் என்பதால், 'மாடு தின்றுவிடும்' என்று போடுவது வீட்டுக் குழந்தைக்கும் கேடு.

எவ்வளவு தேவை? கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ என்று வைத்தால், இரண்டு மாட்டுக்கு 90 நாளில் 1,080 கிலோ. வீணாகும் பங்கையும் சேர்த்து 1,200 கிலோ கையிருப்பு வேண்டும். கட்டின் எடை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். நாலைந்தை எடை போட்டுப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

அடுக்கும் இடம் மேடாக இருக்கட்டும். சுற்றிலும் ஒரு முழ ஆழத்துக்குச் சிறு கால்வாய் வெட்டி, கீழே கருங்கல்லோ பனந்துண்டுகளோ போட்டு, அதன்மேல் மூங்கிலோ கருவேல முள்ளோ பரப்பினால் தரை ஈரம் ஏறாது. தரையில் நேரடியாகப் போட்ட வைக்கோல் போரில் அடி ஒரு முழம் எப்போதும் வீண்தான். கையால் போர் போடுகிறவர்கள் நடுவை எப்போதும் விளிம்பைவிட உயரமாக வைத்து மிதித்து வர வேண்டும். அப்போதுதான் தாள் வெளிப்பக்கம் சரிந்து நீரை வழியவிடும். நடு குழிந்தால் போர் முழுக்கத் தண்ணீரைக் குடித்துவிடும்.

தார்பாயால் மூடும்போது நாலு பக்கமும் தரைவரை இழுத்து இறுக்கிக் கட்டுவதுதான் வழக்கமான தவறு. வெயில் வந்ததும் உள்ளே வியர்த்து, மேல் வரிசைக் கட்டுகள் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். உச்சியில் ஒரு மூங்கிலைக் கிடையாக வைத்து, தார்பாய்க்கும் வைக்கோலுக்கும் நடுவே அரை அடி இடைவெளி விடுங்கள். பக்கங்களில் பாதி உயரம் மூடினால் போதும். ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டால் காற்று தூக்காது. போர் வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

தொழுவம்

தரை சாணிக் கால்வாயை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். தேங்கும் குழிகளைச் சரளை போட்டு இடித்து நிரப்புங்கள். வடகிழக்குச் சாரல் அடிக்கும் பக்கத்தில் சாக்குப் படுதா போதும். ஆனால் மேலே ஓரடி திறந்திருக்கட்டும். முழுக்க அடைத்தால் மூத்திர நெடி தேங்கி இருமல் வரும்.

மடிநோய்க்கு இதுதான் பருவம். கறந்தவுடன் காம்புத் துளை திறந்தே இருக்கும். அப்போது மாடு சேற்றில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். கறந்து முடித்ததும் தீவனம் வைத்து, அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். செலவில்லாத இந்த ஒரு பழக்கம் பல ஊசிகளை மிச்சப்படுத்தும்.

மழைப்புல்லில் தண்ணீர்தான் அதிகம். அதையே வயிறு நிறையப் போட்டால் சாணம் இளகும், பாலில் கொழுப்பு குறையும். காலையில் முதலில் வைக்கோல், பிறகு புல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். தாது உப்புக் கலவை நாளுக்கு 40 முதல் 50 கிராம். தவிட்டு மூட்டையையும் பிண்ணாக்கு மூட்டையையும் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

மின்கம்பத்தின் இழுகம்பியில் மாட்டைக் கட்டாதீர்கள். இடி இடிக்கும்போது தனி மரத்தடியிலும் கட்டக் கூடாது.

ஆடும் கோழியும்

முதல் மழைக்குப் பத்து நாளில் முளைக்கும் கொழுந்துப் புல்லை ஆடு வெறியோடு தின்னும். கொழுத்த குட்டி இரவோடு இரவாகத் துள்ளி விழுந்து சாவது பெரும்பாலும் துள்ளுமாரி நோயால். அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். நோய் வந்த பிறகு மருத்துவத்துக்கு நேரம் இருக்காது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் மாட்டுக் கோமாரிக்கும் எப்போது முகாம் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். குடற்புழு நீக்கம் மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்து ஒரு முறை. மருந்தளவு எடையைப் பொறுத்தது, கண்ணால் குத்துமதிப்பிட்டுக் குறைவாக ஊற்றினால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

புழுக்குஞ்சுகள் ஈரப் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். அதனால் ஈரம் உலர்ந்து, காலை பத்து மணிக்குப் பிறகு பட்டியைத் திறங்கள். திறக்கும் முன் ஆளுக்கொரு பிடி உலர்ந்த கடலைக்கொடியோ வைக்கோலோ போட்டால் வயிற்று உப்புசம் வராது. வந்துவிட்டால், இடப்பக்க விலா மேளம்போல் ஒலிக்கும். பெரிய ஆட்டுக்கு 50 முதல் 100 மி.லி. கடலை எண்ணெயை மெதுவாகப் புகட்டி நடக்கவிடுங்கள், மருத்துவரையும் உடனே அழையுங்கள். புகட்டும்போது தலையை வானம் பார்க்கத் தூக்கினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

பத்து ஆட்டுக்கு நூறு சதுர அடி மூங்கில் பரண் இருந்தால் குளம்பழுகல் பெரும்பாலும் வராது. பரண் கட்ட வசதியில்லையென்றால், உலர்ந்த மணலைப் பரப்பி வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

கோழிகள் முட்டையைக் குறைத்தால் பயப்பட வேண்டாம். கார்த்திகையில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, சிறகுதிர்ப்பும் சேர்ந்துகொள்ளும். ஆனால் கூண்டின் நிலக்கடலைத் தோல் பரப்பு நனைந்து கட்டியானால் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும். பஞ்சாரத்தைத் திண்ணைக்கு ஏற்றி, நனைந்த பரப்பை அன்றே அள்ளிக் கொட்டுங்கள்.

வயல் மூழ்கிவிட்டால்

கனமழை அறிவிப்பு வந்த நாளில் மேலுரம் (நிற்கும் பயிருக்கு வீசும் உரம்) போடக் கூடாது. யூரியா பொது வடிகாலுக்குத்தான் போகும். பயிர் மூழ்கினால் முதலில் நீர் வரும் மடையை அடைத்து, பிறகு வடிமடையைத் திறக்க வேண்டும். நீர் வடிந்து புதுக்குருத்து எட்டிப் பார்த்ததும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். இலை வெளிறியிருந்தால் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். அழுகிய குத்துகளின் (நாற்றுக் கொத்துகளின்) இடத்தில், அதே வயலில் நன்கு தூர்கட்டிய, அதாவது பக்கத்தூர் வெடித்த, குத்துகளைப் பிரித்து நட்டால் வயது ஒத்துவரும். புது நாற்று வாங்கி நட்டால் அறுப்பின்போது பாதி பச்சையாக நிற்கும்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் வேளாண் அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), சிட்டா (நில உரிமைக் கணக்கு), ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். கடைசி வாரத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும் பொதுச் சேவை மையத்திலும் கூட்டம் முண்டும். முதல் மழை வெறித்த வாரத்திலேயே அடங்கல் வாங்கிவிடுங்கள்.

அடைமழைக்கு நடுவே ஒரு முழு நாள் வெயில் அடித்தால், அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் படுதாக்களைச் சுருட்டி, தார்பாயை விலக்கி, போரின் மேல் வரிசையையும் மூட்டைகளையும் வெயிலில் காட்டுங்கள். மாலை நான்கு மணிக்கெல்லாம் திரும்ப மூடிவிட வேண்டும். அதன்பின் பனி இறங்கத் தொடங்கிவிடும்.