நிறுத்திய காரில் கரண்ட் குடித்தது எது?

மூன்று, நான்கு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்காது. டிக் சத்தம் மட்டும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டிய பேட்டரி 11.8-க்கு இறங்கியிருக்கும். புது பேட்டரியிலும் அதே கதை. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரி: எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட்.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராகக் கோத்தேன். காரைப் பூட்டி அரை மணி நேரமாவது விட்டால்தான் கண்ட்ரோல் யூனிட்கள் (காருக்குள் இருக்கும் சிறு கணினிகள்) தூங்கும். அதற்கு முன் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தூங்கிய பிறகும் 0.4 ஆம்பியர். பொதுவாக 0.05-ஐத் தாண்டக்கூடாது.

ஃப்யூஸைப் பிடுங்கிச் செருகினால் யூனிட்கள் விழித்துக்கொள்ளும். பிடுங்காமல், ஃப்யூஸ் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் பார்த்தேன்; கரண்ட் ஓடும் ஃப்யூஸில் சிறு வோல்டேஜ் காட்டும். உள்விளக்கு ஃப்யூஸில் மட்டும் சுழியம் இல்லை. போனில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன்: 5 வாட் பல்பு அணையவே இல்லை. டிக்கி மூடியின் சுவிட்சை மாற்றியதும் 0.02 ஆம்பியர்.