சரக்கறைக்கு இரண்டு டிரம் முறை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகமோ பினாங்கு மளிகைக் கடையோ, சரக்குத் தட்டுப்பாட்டைத் தவிர்க்க டொயோட்டாவின் கன்பான் அட்டை (சரக்கு தீர்கிறது, ஆர்டர் போடு என்று காட்டும் அட்டை) போதும், கணினி வேண்டாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு டிரம்; இரண்டாவதன் மூடியில் அட்டை. அளவுதான் முக்கியம்: ஒரு நாள் செலவு × சரக்கு வந்துசேரும் நாள்கள், அதோடு ஒரு நாள் கையிருப்பு. தினம் 6 கிலோ பருப்பு, வர 3 நாள் என்றால் டிரம்முக்கு 24 கிலோ. முதலாவது காலியானதும் இரண்டாவதன் அட்டையைக் கழற்றிக் கல்லாவருகே மாட்டுங்கள்; அன்றே ஆர்டர். புதுச் சரக்கு காலி டிரம்முக்கு, அட்டையும் அதற்கே. பழையதன் மேல் கொட்டினால் அடியில் வண்டு பிடிக்கும்.

முறை கெடுவது பெரும்பாலும் அட்டையில்தான். அவசரத்தில் திறப்பவர் அதைச் சட்டைப்பையில் போட்டு மறந்துவிடுவார் (யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்). மூடியின் குறுக்கே கயிற்றில் கட்டுங்கள், கழற்றாமல் திறக்க முடியாதபடி. தைப்பூசம், தீபாவளி வாரங்களுக்குக் கணக்கை முன்கூட்டியே உயர்த்துங்கள்.