ஜிக், ரப்பர் மீன் வார்ப்பு: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூண்டிலுக்கு வேண்டிய ஜிக்கையும் (ஈயத் தலை வார்த்த தூண்டில் முள்) ரப்பர் மீனையும் (மீன் வடிவிலான மெத்தென்ற செயற்கை இரை) வீட்டிலேயே வார்க்கிறவர்களுக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்று, சூட்டைக் குத்துமதிப்பாக வைத்துக்கொள்வது. இன்னொன்று, ஈரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது.

ஈரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்ற தவறுகள் இரையைக் கெடுக்கும், இது ஆளையே கெடுத்துவிடும். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். வார்க்கும்போது அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அதன் மேற்பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் பெரும்பாலும் சீறிவிட்டு ஆவியாகிப் போகும். அதே சொட்டு ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கதை வேறு. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கும் ஈயம் முழுவதையும் தூக்கி முகத்தில் அடித்துவிடும். அதனால்தான் உருகி நிற்கும் சட்டிக்குள் புதிய ஈயத் துண்டை அப்படியே போடக் கூடாது என்கிறேன். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், மடிப்புக்குள் ஈரம் இருக்கும். சட்டி ஆறியிருக்கும்போதே ஈயத்தைப் போட்டு அதோடு சேர்த்துச் சூடாக்குங்கள். நடுவில் சேர்க்க வேண்டியிருந்தால் துண்டைச் சட்டியின் விளிம்பில் நன்றாகக் காயவைத்துவிட்டு மெதுவாக இறக்குங்கள். கரண்டிக்கும் அச்சுக்கும் இதே விதிதான். முகம் முழுக்க மறைக்கும் கவசம், தோல் கையுறை, மூடிய ஷூ, பருத்தித் துணி இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம்.

ஈயத்தின் நஞ்சு புகையில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பது அடுத்த தவறு. வார்க்கும் சூட்டில் ஆவியைவிட, மேலே படியும் சாம்பல் நிறக் கசடும், ஓரம் தேய்க்கும்போது வரும் தூளும்தான் கை வழியாக வாய்க்குப் போகின்றன. பிசிறை அரம் போட்டுத் தேய்க்காமல் இடுக்கியால் நறுக்கிவிடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் குடிப்பதுகூட வேண்டாம். முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வராத இடமாகப் பாருங்கள். ஒரு முறை ஈயம் கண்ட பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் போகவே கூடாது.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கவே வேண்டாம். அமிலம் ஒரு பக்கம்; அதில் கலந்திருக்கும் ஆர்செனிக், ஆன்டிமனி போன்றவற்றிலிருந்து கொடிய வாயு வர வாய்ப்பு உண்டு. கார் சக்கரத்தில் மாட்டும் பேலன்ஸ் எடைகள் கிடைத்தால், எல்லாமே ஈயம் என்று நம்பிவிடாதீர்கள். துத்தநாகமும் கலந்து வரும். நறுக்கிப் பாருங்கள்: ஈயத்தில் இடுக்கி சுலபமாகப் பதியும், துத்தநாகம் விறைத்துக்கொண்டு நிற்கும். தெரியாமல் சட்டிக்குள் போய்விட்டாலும் பரவாயில்லை, துத்தநாகம் உருக 420 டிகிரி வேண்டும். 350 வாக்கில் வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். ‘இன்னும் உருகவில்லையே’ என்று அடுப்பைக் கூட்டினால்தான் வினை. அது ஈயத்தோடு கலந்து கூழ் மாதிரி ஆகிவிடும், எந்த அச்சிலும் சரியாக ஓடாது.

முதலில் வரும் ஜிக் தலைகள் சுருக்கம் விழுந்தோ பாதி நிரம்பியோ வரும்போதும் பலர் ஈயத்தைத்தான் மேலும் காய்ச்சுவார்கள். குறை அச்சில் இருக்கிறது, அது ஆறிக் கிடக்கிறது. முள் வைக்காமல் நாலைந்து தடவை வார்த்து, அந்த ஈயத்தைச் சட்டியிலேயே திருப்பிப் போடுங்கள். அலுமினிய அச்சு சூடேறியதும் தானாகப் பளபளவென்று வரத் தொடங்கும். அச்சின் குழிக்குள் மெழுகுவர்த்திப் புகையை லேசாகப் படியவைத்தால் ஈயம் நன்றாக ஓடும். ஊற்றும்போது நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் நடுவில் கோடு விழும், ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். முள் அச்சின் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் அழுத்தி மூடாதீர்கள். இடைவெளி வழியாக ஈயம் வழியும், அச்சும் நெளியும். எந்த அச்சுக்கு எந்த முள் என்று அதைச் செய்தவர்கள் சொல்லியிருப்பதையே வாங்கிவிடுவது நல்லது.

ஈயமே வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களை நான் மனதார வரவேற்கிறேன். அன்னப்பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால்தான் பிரிட்டன் 1987-இல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈய எடைகளைத் தூண்டிலுக்குத் தடை செய்தது. ஆனால் மாற்றாக வரும் பிஸ்மத்-வெள்ளீயக் கலவையில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கலவை 138 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஜிக்குக்குப் பூசும் பவுடர் பெயின்ட் (சூட்டில் உருகிப் படியும் தூள்) கெட்டிப்பட 175 டிகிரி வாக்கில் கால்மணி நேரம் ஓவன் அடுப்பில் இருக்க வேண்டும். ஈய ஜிக்குக்குச் செய்வதைப் போலவே இதையும் உள்ளே தொங்கவிட்டால், திறந்து பார்க்கும்போது தட்டில் உலோகக் குட்டையும் மேலே வெறும் முள்ளும்தான் இருக்கும். இந்தக் கலவைக்குக் காற்றில் உலரும் பெயின்ட் போதும்.

ஈய ஜிக்குக்குப் பவுடர் பூசும்போது, ஜிக்கைச் சூடாக்கிப் பவுடரில் ஒரு நொடி முக்கி எடுக்கிறோம். அப்போதே பளபளப்பாகிவிடுவதால் அதோடு விட்டுவிடுகிறார்கள். அடுப்பில் வைத்துப் பதப்படுத்தாத பூச்சு முதல் பாறையில் பட்டதும் பெயர்ந்துவிடும். முள்ளின் காதில் (நூல் கட்டும் துளையில்) அடைத்த பெயின்டை ஊசியால் எடுப்பதும் அடுப்புக்கு முன்னால்தான். அப்புறம் குத்தினால் ஓரம் விரியும்.

சரி, ரப்பர் மீனுக்கு வருவோம். அதை வார்க்கப் பயன்படும் பிளாஸ்டிசால் என்பது நீர்மமான மிருதுவாக்கியில் மிதக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் தூள். நிற்க நிற்கத் தூள் அடியில் தங்கும். பாட்டிலைச் சரியாகக் குலுக்காமல் மேலே இருப்பதை மட்டும் ஊற்றினால் பிசுபிசுவென்று வரும், அடியில் இருப்பதை ஊற்றினால் விறைப்பாக வரும். ஒரே பாட்டிலில் இரண்டு விதமாக வருகிறது என்று பலர் குறைபடுவதற்குக் காரணம் இதுதான்.

சூடாக்கும்போது அது முதலில் கெட்டியாகி, திரிதிரியாகத் திரண்டு, கெட்டுப்போன மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம். இன்னும் சூடேறி 165 டிகிரியைத் தாண்டும்போது தெளிந்து, தேன் போல ஓடும். அந்த இடத்தில் நிறுத்தத் தெரிவதுதான் இந்த வேலையின் உயிர். 200 டிகிரியை நெருங்கினால் மஞ்சளாகி, பழுப்பாகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள், கிளறிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மைக்ரோவேவ் என்றால் இதற்கென்றே ஒன்று, அதுவும் காற்றோட்டமான இடத்தில். கொஞ்ச நேரம் வைத்து, எடுத்து, கிளறி, வெப்பமானியைப் பார்த்து, மறுபடி வைக்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டும்தான் சொல்லும். கிளறிய உடனே அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

ரப்பர் மீனின் உடம்பெல்லாம் குமிழியாக வந்தால் ஈரத்தைத் தேடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், உள்ளே பல நாள் ஈரம் இருக்கும். கையில் குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் காயவில்லை. நன்றாகக் காயவைத்து, எபாக்சியோ நீர்த்த பசையோ பூசி மூடிய பிறகுதான் வார்க்க வேண்டும். எடைக்காகச் சேர்க்கும் உப்பும் ஈரத்தை இழுத்துவைத்திருக்கும், வறுத்துப் பொடித்தது நல்லது. உப்பு கூடக் கூட இரை சீக்கிரம் கிழியும், வாலின் துடிப்பும் குறையும். சூடு தாங்காத ஜிகினாவைப் போட்டால் அது சுருண்டு, தன் நிறத்தை ரப்பரில் கரைத்துவிடும். பிளாஸ்டிசாலுக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

முதுகில் குழி விழுவது ஆறும்போது ரப்பர் சுருங்குவதால். சிரிஞ்சால் அச்சுக்குள் ஏற்றுகிறவர்கள் அச்சு நிரம்பியதும் கையை எடுத்துவிடாமல் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். திறந்த அச்சென்றால் குழி விழ விழ மேலே கொஞ்சம் விட்டு நிரப்பலாம்.

செய்து முடித்த இரையை எங்கே போட்டு வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பி.வி.சி. ரப்பர் மீனை டி.பி.ஈ. (ரப்பர் போல நீளும் வேறொரு பிளாஸ்டிக்) வகை மீனோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் ஒட்டி உருகிப் பசையாகிவிடும். பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பெட்டியையே பி.வி.சி. மீன் இளக்கிவிடும். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து வைத்தால் வெள்ளை கறை படிந்துவிடும். மடங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்த வால் அப்படியே வளைந்து நிற்கும். அந்த மீன் தண்ணீரில் சாய்ந்துதான் ஓடும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரில் சில நொடி முக்கி, தட்டையான தட்டில் நேராக நீட்டி வைத்து ஆறவிட்டால் வால் பழையபடி நிமிர்ந்துவிடும்.