நாயின் தோலில் ஈஸ்ட் தொற்று: குளியல், மாத்திரை, சாப்பாடு என வரிசையாகச் செய்ய வேண்டியவை

நாயைத் தடவிவிட்டுக் கையை முகர்ந்தால் காறிப்போன எண்ணெய் வாடை வருகிறதா? குளிப்பாட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வாடை திரும்பிவிடுகிறதா? கூடவே பாதத்தை விடாமல் நக்குகிறது, காதைச் சொறிகிறது என்றால் ஈஸ்ட் தொற்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி புழுக்கமான ஊர்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பூஞ்சை. மலசீசியா பேக்கிடெர்மாட்டிஸ் என்பது இந்த ஈஸ்ட்டின் பெயர். இது தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதில்லை. நல்ல ஆரோக்கியமான நாயின் காதிலும் உதட்டோரத்திலும் விரலிடுக்கிலும் கொஞ்சமாக எப்போதும் இருக்கும். தோலில் எண்ணெய்ப் பசையும் ஈரமும் கூடினால், அல்லது தோலின் காப்பு கெட்டால், பெருகிவிடும். அப்படிக் கெடுவதற்குப் பெரும்பாலும் ஒவ்வாமைதான் காரணம். சில நாய்களுக்கு தைராய்டு குறைபாடு அல்லது வேறு ஹார்மோன் கோளாறு. அதனால் வைத்தியத்தில் இரண்டு வேலை இருக்கிறது: பெருகியதைக் குறைக்க வேண்டும், பெருகவைத்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வேலையோடு நிறுத்திவிடுபவர்கள்தான் ஷாம்பூ மாற்றி ஷாம்பூ வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

படி 1: எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் நாயை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள். கழுத்தின் அடிப்பக்கம், அக்குள், தொடையிடுக்கு, வாலடி, முகமடிப்பு, காதின் உட்புறம், நகத்தைச் சுற்றிய இடம் ஆகியவைதான் அது தங்கும் இடங்கள். தோல் சிவந்து பிசுபிசுப்பாக இருக்கும். நாள்பட்டதானால் தடித்து, கறுத்து, முடி கொட்டி, சுருக்கம் விழுந்திருக்கும்.

பாதத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினால், நடுவில் உள்ள தோல் சிவந்து ஈரமாக இருக்கும். நகம் தொடங்கும் இடத்தில் பழுப்பு நிறத்தில் மெழுகு போல ஒரு அழுக்கு படிந்திருக்கும். ஷிட்சு மாதிரி வெள்ளை முடி நாய்களுக்கு விரலிடுக்கு முடி துருவேறிய நிறத்துக்கு மாறியிருக்கும். அந்த நிறம் எச்சிலால் வருவது. நாய் அந்த இடத்தை எவ்வளவு நக்குகிறது என்பதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லா இடத்தையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து ஒப்பிட உதவும்.

படி 2: மருந்து வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை

கண்ணால் பார்த்து ஈஸ்ட் என்று உறுதி சொல்ல முடியாது. சொறிப்பூச்சி, படர்தாமரை, பாக்டீரியா தொற்று எல்லாமே அரிப்பும் சிவப்புமாகத்தான் தொடங்கும். ஈஸ்ட்டோடு பாக்டீரியாவும் சேர்ந்து இருப்பதும் சகஜம். பரிசோதனை ஒன்றும் பெரிய வேலை இல்லை. டாக்டர் ஒரு செலோ டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்து, சாயம் தோய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். உரிக்காத நிலக்கடலை மாதிரி, நடுவில் இடுப்பு ஒடுங்கிய சின்னச் சின்ன உருவங்கள் தெரிந்தால் அதுதான் ஈஸ்ட். வலிக்காது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். சொறிப்பூச்சி சந்தேகம் இருந்தால் தோலைச் சுரண்டியும் பார்ப்பார்கள்.

போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் குளிப்பாட்டாதீர்கள், எதையும் தடவாதீர்கள். பக்கத்தில் உள்ள கிளினிக்கில் இந்த வசதி இல்லையென்றால் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு, அரிப்பு, படை எல்லாவற்றுக்குமான கலவை கிரீமைத் தயவுசெய்து தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாள் அரிப்பு அடங்கும். தோல் மெலிந்து, தொற்று உள்ளுக்குள் பரவும். போதாததற்கு நாய் அதை நக்கி விழுங்கும். டாக்டர் பரிசோதித்துவிட்டு அரிப்புக்கென்று தனியாக மருந்து எழுதினால் அது வேறு விஷயம். டீ ட்ரீ ஆயில் நாய்களுக்கு நஞ்சு, பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. புண்ணான தோலில் வினிகர் ஊற்றினால் எரியும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், இந்த ஈஸ்ட் கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறது.

படி 3: மருந்துக் குளியல்

வைத்தியத்தில் பாதி வேலை இங்கேதான் நடக்கிறது. லேசான தொற்றுக்கு மாத்திரையே இல்லாமல் குளியல் மட்டும் போதும்.

ஷாம்பூ வாங்கும்போது பிராண்டைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் மருந்தின் பெயரைப் படியுங்கள். 2% மைக்கோனசோலும் 2% குளோர்ஹெக்சிடினும் சேர்ந்த ஷாம்பூவை வாரம் இரண்டு முறை போடுவதற்குத்தான் ஆய்வு ஆதாரம் மிக வலுவாக இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் 3% குளோர்ஹெக்சிடின், அல்லது கீட்டோகோனசோலும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்தது. வேம்பு, கற்றாழை என்று மட்டும் போட்டிருக்கும் ஷாம்பூ வாசனைக்குச் சரி, இந்த வேலைக்கு ஆகாது.

முதலில் சாதாரண நாய் ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் கழுவி எடுத்துவிடுங்கள். பசை இருந்தால் மருந்து தோலைத் தொடாது. அடுத்து மருந்து ஷாம்பூ. முதுகில் ஊற்றி மேலோட்டமாக நுரை கிளப்பினால் பிரயோஜனம் இல்லை. முடியை விலக்கி, விரல் நுனியால் தோல்வரை தேய்க்க வேண்டும். தொற்று இருக்கும் இடத்தில் தொடங்குங்கள், அப்போதுதான் அங்கே மருந்து அதிக நேரம் நிற்கும். மொபைலில் 10 நிமிடம் அலாரம் வையுங்கள். அந்தப் பத்து நிமிடம் நாய் நுரையை நக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. பேச்சுக் கொடுங்கள், தாடையைத் தடவிக்கொண்டிருங்கள். கண்ணில் படக் கூடாது, குளோர்ஹெக்சிடின் கண்ணைக் கெடுக்கும்.

பிறகு ஒரு சொட்டு நுரைகூட மிச்சம் இல்லாமல் அலசுங்கள். அப்புறம் உலர்த்துவது. இதில் கோட்டை விட்டால் அவ்வளவு செய்ததும் வீண். டவலால் ஒற்றி எடுத்து, அக்குளையும் விரலிடுக்கையும் தனியாகத் துடைத்து, ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து அடிமுடி வரை காயவையுங்கள். முடி அடர்ந்த நாயானால் சிகிச்சை முடியும்வரை முடியைக் குட்டையாக வெட்டிவிடுவது நல்லது.

குளியல் இல்லாத நாட்களில், அதே மருந்துள்ள துடைப்புத் தாளால் பாதத்தையும் மடிப்புகளையும் துடைக்கலாம். மழையில் நடந்து வந்தால் முதல் வேலையாகக் கால்களைத் துவட்டுங்கள். நக்குவதை நிறுத்தவே முடியவில்லையென்றால் கழுத்துக்குக் கோன் (கூம்பு வடிவத் தடுப்பு) போடத் தயங்க வேண்டாம்.

காதில் பழுப்பு அழுக்கு இருந்தால் சொட்டு மருந்து தேவைப்படும். ஆனால் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று டாக்டர் உள்ளே பார்த்த பிறகுதான் எதையும் ஊற்ற வேண்டும். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள், அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

படி 4: மாத்திரை, தேவைப்பட்டால்

உடல் முழுக்கப் பரவியிருந்தாலோ, தோல் தடித்துவிட்டாலோ, குளியல் மட்டும் போதாமல் போனாலோ டாக்டர் இட்ராகோனசோல் அல்லது கீட்டோகோனசோல் எழுதுவார். எடையை வைத்துத்தான் அளவு: இட்ராகோனசோல் வழக்கமாகக் கிலோவுக்கு 5 மி.கி. அதை வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் கொடுக்கச் சொல்வதும் உண்டு. மருந்து தோலில் பல நாள் தங்குவதால் அது போதும், குறைத்துவிட்டார்களே என்று கவலைப்பட வேண்டாம். படர்தாமரைக்கு வீட்டில் மிச்சமிருக்கும் கிரிசியோஃபல்வின் இந்த ஈஸ்ட்டுக்கு வேலை செய்யாது.

மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, சாப்பாட்டில் விருப்பமின்மை, சோர்வு, கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். இவை கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள். சினை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. இன்னொரு விஷயத்தைப் பலர் டாக்டரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: உண்ணிக்காகச் சமீபத்தில் ஐவர்மெக்டின் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கீட்டோகோனசோலோடு சேரும்போது அது உடலில் கூடுதலாகத் தங்கி நரம்பைத் தாக்கலாம்.

படி 5: சாப்பாடு

‘ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும், அதனால் சோற்றை நிறுத்து’ என்று பலர் சொல்வார்கள். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு அது பொருந்தும். நாய்த் தோலில் இருக்கும் இதுவோ சர்க்கரையை நொதிக்க வைக்கவே தெரியாத ஜாதி. சோற்றை நிறுத்தினால் தோல் ஈஸ்ட் பட்டினி கிடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தானியமே இல்லாத விலை உயர்ந்த தீவனத்துக்குக் காசைக் கொட்டவும் தேவையில்லை.

சாப்பாட்டுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது உணவு ஒவ்வாமை வழியாக வருவது. நாய்களுக்கு அதிகம் ஒவ்வாதவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. நம் வீடுகளில் தினமும் போடும் கோழிச்சோறு, தயிர்சாதம், டீயோடு ஒரு பிஸ்கட் எல்லாம் இந்தப் பட்டியலுக்குள்தான் வருகின்றன. இதைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. 8 வாரம் ஒரே உணவு கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு இறைச்சியும் ஒரு மாவுப் பொருளும் தேர்ந்தெடுங்கள். கோழியிலேயே வளர்ந்த நாய்க்கு முள் நீக்கிய மீனும் சக்கரவள்ளிக்கிழங்கும், அல்லது முயல்கறியும் உருளைக்கிழங்கும் சரியாக வரும். கோழிக்குப் பதில் காடை, வாத்து என்று மாற்றாதீர்கள். பறவை இறைச்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்தவை, ஒன்று ஆகாவிட்டால் மற்றதும் ஆகாமல் போகலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்துக் கொடுங்கள். வசதி இருந்தால் புரதத்தை நுணுக்கிச் சிதைத்துத் தயாரிக்கும் ஹைட்ரோலைஸ்டு தீவனம் கடையில் கிடைக்கிறது. வேலை மிச்சம், விலை அதிகம். குட்டிகளுக்கு வீட்டுச் சாப்பாட்டில் கால்சியம் போதாது, அவற்றுக்கு டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இந்த 8 வாரத்தில் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பிஸ்கட், மெல்லும் எலும்பு, மாட்டிறைச்சிச் சுவையூட்டிய உண்ணி மாத்திரை, ஜெலட்டின் உறை போட்ட மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், எல்லாமே கணக்கில் வரும். உண்ணிக்குக் கழுத்தில் சொட்டுவிடும் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். இதை நிறுத்திவிடாதீர்கள், தெள்ளுக்கடி ஒவ்வாமையும் இதே அரிப்பைத் தரும். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடமும் குழந்தைகளிடமும் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பாசத்தில் யாராவது ஒரு வாய் தயிர்சாதம் ஊட்டிவிட்டால், அரிப்பு எதனால் வந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

8 வாரத்தில் அரிப்பு அடங்கியதா? உடனே கொண்டாடாமல் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் உணவு ஒவ்வாமை உறுதி. அப்புறம் ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து, எது ஆகவில்லை என்று பிரித்துவிடலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் சாப்பாடு காரணமில்லை. தூசு, பூச்சி, மகரந்தம் வகை ஒவ்வாமை, தைராய்டு ஆகியவற்றை டாக்டர் பார்ப்பார்.

படி 6: எப்போது நிறுத்துவது

சுமார் மூன்று நான்கு வாரத்தில் வாடை போய், சிவப்பு குறைந்திருக்க வேண்டும். கறுத்த தோல் பழைய நிறத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதற்காகப் பயப்பட வேண்டாம். தோல் நன்றாகிவிட்டது என்று நீங்களே முடிவு செய்து நிறுத்தாமல், மறுபடி ஒரு டேப் பரிசோதனை செய்து ஈஸ்ட் குறைந்துவிட்டதா என்று பார்த்த பிறகு நிறுத்துங்கள். ஒவ்வாமை உள்ள நாய்களுக்கு அதன் பிறகும் வாரம் ஒரு மருந்துக் குளியல் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த ஒரு குளியலைத் தவறவிடாதீர்கள்; விரலிடுக்கைத் தினமும் ஒருமுறை விலக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.