ஒருநாள் தொழில்நுட்ப மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் போடுவது எப்படி

கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) கொண்டாடும் மென்பொருள் சுதந்திர தினத்தையொட்டி, செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில், மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு வருடமாக ஒருநாள் மாநாடு நடத்துகிறோம். இரண்டு அரங்கு, ஒரு கணினி லேப், 180 பேர் வரை கூட்டம். முதல் வருடம் நிரல் போட்டவன் நான். 14 உரைகளை அரை மணிக்கு ஒன்றாக இடைவெளியே விடாமல் அடுக்கினேன். மதியச் சாப்பாட்டுக்குள் 40 நிமிடம் பின்தங்கிவிட்டோம். கடைசி உரைக்காகச் சேலத்திலிருந்து வந்திருந்த மாணவி, ஊர் திரும்பும் பஸ்ஸை விடக்கூடாது என்று மேடை ஏறாமலே கிளம்பிப் போனாள். மூன்று வாரம் உட்கார்ந்து தயாரித்த உரை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பரவாயில்லண்ணா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அவள் சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது.

இரண்டாம் வருடம் 5 மணிக்கு முடிய வேண்டியது 5 மணிக்கு முடிந்தது. அந்த நிரலை எப்படிப் போட்டோம் என்பதுதான் இந்தப் பதிவு. இடம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, நன்கொடை திரட்டுவது எல்லாம் இதில் கிடையாது.

படி 1: முடியும் நேரத்தை முதலில் குறியுங்கள்

எங்களுக்கு அது மாலை 5 மணி. மாணவிகள் 6 மணிக்குள் விடுதி திரும்ப வேண்டும். வெளியூர்க்காரர்கள் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் போய்ச் சேர வேண்டும். 5:30 வரை இழுத்தால் கூட்டத்தில் பெண்கள்தான் முதலில் எழுந்து போவார்கள். கடைசி உரையை அவர்களில் பலர் கேட்கவே முடியாது. இது நிரல் போடுகிறவர் கையில் இருக்கிற விஷயம்.

படி 2: சாப்பாடு, டீ, விளக்கேற்றுதல்

உரைகளைத் தொடுவதற்கு முன் இந்த மூன்றையும் தாளில் எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தட்டை எடுத்து, சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய், அப்பளம் வாங்கி நகர ஒருவருக்கு 15 நொடி. 180 பேர் ஒரே வரிசையில் நின்றால் 45 நிமிடம். கடைசியில் நிற்பவர் தட்டை வாங்கும்போது மதிய அமர்வுக்கு மணி அடித்துவிடுவார்கள். முதல் வருடம் இதுதான் நடந்தது. இரண்டாம் வருடம் இரண்டு மேசை போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் பரிமாறினோம். நாலு வரிசை, 12 நிமிடத்தில் எல்லார் கையிலும் தட்டு. இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, பரிமாற நாலு பேர் அதிகம் வேண்டும், அவ்வளவுதான்.

தொடக்க விழாவும் நம் ஊரில் நேரம் சாப்பிடும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் வேண்டும். கல்லூரி இடம் கொடுக்கிறது, அந்த மரியாதையைக் குறைக்கக் கூடாது. ஆனால் சனிக்கிழமை ராகுகாலம் 9 முதல் 10:30 வரை. எங்கள் கல்லூரி முதல்வர் 10:30க்குப் பிறகுதான் விளக்கேற்ற வேண்டும் என்றார். முதலில் கையைப் பிசைந்தோம். பிறகு 9:30க்கே உரைகளைத் தொடங்கி, இரண்டு சுற்று முடிந்ததும் 10:45க்கு விழாவை வைத்தோம். தாமதமாக வருகிறவர்களும் அதற்குள் வந்துவிட்டதால் விழா நிறைந்த அரங்கில் நடந்தது. இனி எந்தக் கிழமையில் நடத்தினாலும் இப்படித்தான் வைப்பேன்.

படி 3: உரைக்கு 25, கேள்விக்கு 5, மாற்றத்துக்கு 10

நான் வழுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்குவதற்குள் என்ன நடக்கிறது என்று அரங்கின் ஓரத்தில் நின்று பாருங்கள். முடித்தவரைச் சுற்றி மூன்று பேர் கேள்வியோடு நிற்பார்கள். அவர் பேசிக்கொண்டே கேபிளைக் கழற்றுவார். அடுத்தவரின் மடிக்கணினியில் டைப்-சி துளை மட்டும்தான் இருக்கும். அதற்கான அடாப்டர் பக்கத்து அரங்கில் இருக்கும். ஒரு பையன் ஓடுவான். படம் திரையில் வரும், ஓரம் வெட்டுப்பட்டு. ரெசல்யூஷனை மாற்றுவார்கள். காலர் மைக்கைக் குத்த இடம் தேடுவார்கள். இதெல்லாம் சேர்த்து 8 நிமிடம். காலையில் ஐந்து உரை என்றால் 40 நிமிடம். இதில் யார் மீதும் குற்றமில்லை. அந்த 8 நிமிடம் நிரலில் இல்லாததுதான் குற்றம்.

அதனால் உரைக்கு 30 நிமிடம் என்று அறிவித்து, நிரலில் 40 நிமிடக் கட்டமாகப் போடுங்கள். எங்கள் காலை இப்படி அமைந்தது: 9:30, 10:10 உரைகள், 10:45 விழா, 11:10 டீ, 11:30, 12:10 உரைகள், 12:45 சாப்பாடு. இரண்டு அரங்குக்கும் ஒரே நேரம்தான் இருக்க வேண்டும். ஓர் அரங்கு 5 நிமிடம் முன்னே, மற்றது 5 நிமிடம் பின்னே என்று போனால் அரங்கு மாறுகிறவர்கள் இரண்டு உரையிலும் பாதி பாதிதான் கேட்பார்கள்.

இன்னும் மூன்று வேலை: ஸ்லைடுகளை முந்தின இரவே பிடிஎஃப்பாக வாங்கி அரங்கின் கணினியில் ஏற்றிவிடுங்கள். நேரடியாகச் செய்து காட்டுகிறவர்கள் டீ இடைவேளையில் தங்கள் கணினியை மாட்டிச் சோதிக்கட்டும். டைப்-சி அடாப்டரை எச்டிஎம்ஐ கேபிளோடு சேர்த்து டேப் சுற்றி விடுங்கள், தனியாக எங்கும் போகாது.

கரண்ட் போனால்? ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் வந்துவிடும், ஆனால் விளக்கு வைத்த பழைய புரொஜெக்டர் சூடாறித் திரும்பப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அதற்கு மட்டும் ஒரு யுபிஎஸ் வைத்துவிடுங்கள்.

படி 4: உரைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்

14ஐ 12 ஆக்கினோம். மனது கேட்கவில்லைதான். இடம் கிடைக்காதவர்களுக்கு மதியம் 1:45 முதல் 2:25 வரை மின்னல் உரைகள் கொடுத்தோம், ஆளுக்கு 5 நிமிடம். சாப்பிட்ட மயக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. நேரம் போதாது என்று வருந்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஜப்பானில் 2003ல் தொடங்கிய பெச்சாகுச்சா என்ற உரை வடிவத்தில் 20 படம், படத்துக்கு 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. அதற்குள் ஒரு கட்டடத்தையே விளக்கிவிடுகிறார்கள்.

பயிலரங்கு வைத்தால் லேப்பில், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். மென்பொருளை நிறுவவே அரை மணி போய்விடும். தேவையான கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றி வையுங்கள்; கல்லூரி வைஃபையை நம்பி இறங்காதீர்கள்.

படி 5: யாருக்குப் பக்கத்தில் யார்

இதைச் சுவரில் செய்யுங்கள். வண்ணச் சீட்டுகளில் உரைக்கு ஒன்றாக எழுதி, மூலையில் "புதியவர்களுக்கு" அல்லது "பழகியவர்களுக்கு" என்று குறித்து ஒட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அரங்கிலும் புதியவர்களுக்கான உரை வந்தால் உடனே கண்ணில் படும். விரிதாளில் (ஸ்பிரெட்ஷீட்) இது தெரியவே தெரியாது.

முதன்முறை பேசுகிறவர்களைச் சாப்பாட்டுக்குப் பிறகோ கடைசியிலோ போடாதீர்கள். இரண்டாவது இடம்தான் அவர்களுக்குச் சரி: அரங்கு நிறைந்திருக்கும், மைக் ஒழுங்காக வேலை செய்யும். சேலம் மாணவிக்கு இரண்டாம் வருடம் 10:10 கொடுத்தோம். 10:10க்குத் தொடங்கினாள்.

சுவரில் முடிவானதும், மாநாட்டு நிரல் போடுவதற்கென்றே உள்ள பிரிடால்க்ஸில் (pretalx) ஏற்றுங்கள். கட்டற்ற மென்பொருள், பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் மாநாடுகூட இதைத்தான் பயன்படுத்துகிறது. ஒருவரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் போட்டாலோ, அவர் வர முடியாது என்று சொன்ன நேரத்தில் போட்டாலோ எச்சரிக்கும். நிரலுக்குப் பதிப்பு எண் உண்டு. மாற்றினால் பேச்சாளர்களுக்கு மடல் தயாராகிவிடும். பகிர்ந்த விரிதாளை நான் இனி தொடமாட்டேன். முதல் வருடம் நுழைவாயிலில் ஒட்டியது ஒரு நிரல், அரங்கில் இருந்தது வேறு நிரல்.

படி 6: ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்

1983ல் ஹாரிசன் ஓவன் என்பவர் ஒரு வருடம் உழைத்து ஒரு மாநாடு நடத்தினார். வந்தவர்கள் காபி இடைவேளைதான் நன்றாக இருந்தது என்றார்கள். அந்த இடைவேளையையே மாநாடாக்க முடியாதா என்று யோசித்து அவர் உருவாக்கியதுதான் திறந்தவெளி (ஓப்பன் ஸ்பேஸ்) அமர்வு, முன்கூட்டியே தலைப்பு குறிக்காத அமர்வு. நாங்கள் 4:00 முதல் 4:50 வரை அதற்கு விட்டோம். ஒரு வெள்ளைப் பலகை, நாலு மூலை. பேச விரும்புகிறவர் தலைப்பை எழுதுவார், விரும்புகிறவர் சேர்வார், பிடிக்கவில்லை என்றால் அடுத்த மூலைக்கு நகரலாம். தமிழ் விசைப்பலகை மூலையில் ஒரு பள்ளி ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் உட்கார்ந்து பேசத் தொடங்கியது, காவலாளி விளக்கை அணைக்க வரும்வரை ஓடியது.

பின்சேர்க்கை 1: "பேச்சாளருக்கு நேர அட்டை காட்டும் வேலையை முதலாமாண்டு மாணவரிடம் கொடுத்தோம், பேராசிரியரை நிறுத்த அவருக்குத் தைரியம் வரவில்லை, என்ன செய்வது?" என்று திருநெல்வேலியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான கேள்வி. அந்த வேலையை அமைப்பாளர்களில் மூத்தவர் ஒருவர் செய்ய வேண்டும். 10, 5, 1 நிமிடம் மீதி என்று காட்டும் அட்டைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, நேரம் முடிந்ததும் எழுந்து நிற்கட்டும். இப்படிச் செய்யப்போகிறோம் என்று பேச்சாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், யாருக்கும் மனவருத்தம் வராது.

பின்சேர்க்கை 2: தேதி பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை பல வருடங்களில் புரட்டாசிச் சனியாக வந்துவிடும். நிறையப் பேர் விரதம், பெருமாள் கோயில் பக்கம் பஸ்ஸில் கூட்டம் நெரியும். சாப்பாட்டைச் சைவமாகவே சொல்லிவிடுங்கள், பதிவு மேசையை அரை மணி முன்னதாக 8 மணிக்கே திறந்துவிடுங்கள்.