ஐப்பசியில் எங்கே இலை உதிர்கிறது? அன்றாடக் கவிதைகளில் வரும் சில தவறுகள்

நண்பர்கள் கவிதை எழுதி வாட்ஸப்பில் அனுப்பி, "படிச்சுட்டுச் சொல்லு" என்பார்கள். வீட்டு நடப்பு, ஊர் நினைவு, மழை, வெயில் என்று பொருள் பெரும்பாலும் இதுதான். சறுக்கும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றே. எல்லாவற்றிலும் நானே சறுக்கியவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் பருவம். ஐப்பசியில் வந்த ஒரு கவிதையில் மதுரைத் தெரு ஒன்றில் இலையுதிர்காலம் நடந்துகொண்டிருந்தது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பெய்து மரமெல்லாம் பச்சை கட்டி நிற்கும். வேம்பும் புங்கையும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனி வாக்கில். உதிர்த்த கையோடு கொழுந்தும் விட்டுவிடும். வெயில் ஏற ஏறப் பூவும் வந்துவிடும். மொட்டை மரம் மாதக்கணக்கில் சோகமாக நிற்பதெல்லாம் குளிர்நாட்டுச் சங்கதி. தார் உருகுகிற வெயிலில்தான் இங்கே தளிர் வருகிறது. கவிதைக்கு இது போதாதா?

நமக்குப் பருவம் ஆறு. ஆவணி, புரட்டாசியில் கார். அப்புறம் இரண்டிரண்டு மாதமாகக் கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். கார் தொடங்குவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில் தோழி என்ன செய்கிறாள் தெரியுமா? காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது, அறிவில்லாத மரம் என்று கொன்றையைத் திட்டித் தலைவியைத் தேற்றுகிறாள். கொன்றை எந்தப் பருவத்தில் பூக்கும் என்று கேட்பவருக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தத் திட்டு இனிக்கிறது. பருவத்தை உருவிவிட்டால் பாட்டில் எதுவும் மிஞ்சாது. நம் கவிதையில் ஆடியை எடுத்துவிட்டு மார்கழியைப் போட்டாலும் ஒன்றும் கெடவில்லை என்றால், பருவத்தைச் சும்மா தொங்கவிட்டிருக்கிறோம் என்று பொருள்.

மண்வாசனையும் அப்படித்தான். காய்ந்து கிடந்த மண்ணில் மழை விழும்போது எழுவது அது; மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரும் பங்கு. அடைமழையின் ஐந்தாம் நாள் மண் எங்கே மணக்கும்? கொடியில் காயாத துணியும் வாசலில் போட்ட ஈரச் சாக்கும்தான் வீசும். அந்த வீச்சத்தை எழுதுங்கள்.

நினைவுக்கு வருவோம். அப்பத்தாவைப் பற்றி நான் எழுதிய முதல் கவிதையில் அவர் பாசத்தின் உருவமாக, நிலா காட்டிச் சோறு ஊட்டினார். அம்மா படித்துவிட்டு, "இது யாருடா?" என்றார். எங்கள் அப்பத்தா யாருக்கும் நிலா காட்டியதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அசைந்தால் காதைத் திருகுவார். சுருக்குப்பையிலிருந்து வெற்றிலையோடு ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு ரூபாய்த் தாளை, கொடுக்க மனமில்லாமல் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். தாளில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். பாட்டி என்றால் கவிதையில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டதில், எனக்குத் தெரிந்த கிழவி காணாமல் போயிருந்தார். நினைவில் கஞ்சத்தனம், கோபம், பயம் எல்லாம் கிடக்கும். துடைத்து எடுத்தால் யார் வீட்டு அப்பத்தாவாகவும் ஆகிவிடுவார்.

'ஏக்கம்', 'வலி', 'நினைவலைகள்' போன்ற சொற்களை ஒரு மாதம் பட்டினி போட்டுப் பாருங்கள். உரைநடையை என்டர் தட்டித் தட்டி உடைத்தால் கவிதை ஆகிவிடாது. வரி ஏன் அங்கே முறிகிறது என்று வாய்விட்டுப் படித்தாலே தெரியும். மூன்று புள்ளிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எனக்கு இன்னும் சரியாகக் கைவராதது கடைசி வரி. முன்பு எழுதியது இது:

ரேஷன் கார்டின் மேல்
அப்பாவின் கண்ணாடிக்கூடு.
மாதம் ஒருமுறை
அரிசி வாங்கி வந்ததும்
கார்டை வைத்து
அதன்மேல் கூட்டை வைக்கிறாள் அம்மா.
காலம் எல்லாக் காயத்தையும் ஆற்றுவதில்லை!

கடைசி வரியை விரலால் மூடிக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள். அதை வெட்ட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆச்சரியக்குறியை மட்டும் முதல் வாரமே எடுத்துவிட்டேன்.